மான் தாண்டாத வேலி

டச்சுக்காரர்கள் 1639-ல் மொரீஷியஸுக்குக் கொண்டுவந்த ஜாவா மானுக்கு இடுப்பளவு வேலி ஒரு பொருட்டே அல்ல. 2.4 மீட்டர் உயரம் வேண்டும்.

மூலைக்கம்பங்களை 1 மீட்டர் ஆழத்தில் ஊன்றி, சாய்வாக முட்டுக் கொடுங்கள். கம்பியின் இழுப்பு முழுவதும் அங்கேதான் விழுகிறது. மூலை சாய்ந்தால் வேலியே தொய்யும். இடைக்கம்பம் 4 மீட்டருக்கு ஒன்று போதும். வலையைக் கம்பத்தின் வெளிப்பக்கம் அடியுங்கள், மான் மோதினாலும் ஆணி பிடுங்காது.

பலர் உயரத்தையே பார்த்து அடியில் கோட்டைவிடுகிறார்கள். மான் முதலில் நுழையத்தான் பார்க்கும். வலை தரையைத் தொடட்டும். ஓடை குறுக்கிடும் இடத்தில் தனித் துண்டு வலையைத் தொங்கவிட்டால், வெள்ளம் அதை மட்டுமே தள்ளும். கடலோரத்தில் துத்தநாகம் பூசாத கம்பி சீக்கிரமே துருப்பிடித்துவிடும்.

படரும் கொடிகளை நவம்பருக்குள், புயல் தொடங்குமுன் அறுத்துவிடுங்கள். இலை மூடிய வலையில் காற்று புகாது, கம்பத்தோடு சாய்த்துவிடும்.