டெக்சாஸ் கிராமப்புறத்தில் நிலம்: கவுண்டிப் பதிவேட்டில் நாம் செய்யும் தவறுகள்

ஆஸ்டினிலோ டல்லாஸிலோ சில வருடம் வேலை பார்த்த நம்மவர்கள் பலருக்கு ஒரு கட்டத்தில் அந்த ஆசை வந்துவிடுகிறது. நகரத்திலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் ஒரு பத்து ஏக்கர், ஒரு குட்டை, ஓக் மர நிழல். நிலம் கிடைத்துவிடும், சறுக்குவது காகிதத்தில்தான். பத்திரம், பட்டா, வில்லங்கம் என்று ஊரில் பழகிய கண்ணோடு கவுண்டிப் பதிவேட்டைப் பார்க்கிறோம் (கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் போன்ற பிரிவு). பார்வைக்கு எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், ஆனால் செய்யும் வேலை வேறு.

மற்ற தவறுகளுக்கெல்லாம் வேர் ஒன்று உண்டு. "கவுண்டி கிளார்க் அலுவலகத்தில் பதிவாகிவிட்டது, அப்படியானால் சரிபார்த்திருப்பார்கள்" என்ற நம்பிக்கை அது. ஊரில் சார்பதிவாளர் முன்னால் விற்பவரும் வாங்குபவரும் வந்து நிற்க வேண்டும். புகைப்படம், கைரேகை, சாட்சிகள் எல்லாம் உண்டு. டெக்சாஸில் யாரும் போய் நிற்பதில்லை. காகிதம் மட்டும் போகிறது, பல கவுண்டிகளில் மின்பதிவாகவே போகிறது. கையெழுத்து இருக்கிறதா, நோட்டரி சான்று இருக்கிறதா, கட்டணம் வந்ததா என்று கிளார்க் பார்ப்பார். விற்றவருக்கு அந்த நிலம் உண்மையில் சொந்தமா என்று பார்ப்பது அவர் வேலை அல்ல. தனக்குச் சொந்தமில்லாத நிலத்தை ஒருவர் எழுதிக் கொடுத்தாலும், வடிவம் சரியாக இருந்தால் அதுவும் ஏட்டில் ஏறிவிடும். அந்த ஏடு கொண்டு வந்ததை வாங்கி வைக்கும் இடம். படித்துப் பொருள் காண வேண்டியது நாம், அல்லது உரிமையை ஆராய்ந்து அதற்குக் காப்பீடு தர நாம் காசு கொடுத்து அமர்த்தும் டைட்டில் கம்பெனி.

இதன் மறுபக்கமும் தெரிந்திருக்க வேண்டும். ஊரில் பதியாத கிரயப் பத்திரத்தால் உரிமை மாறாது. டெக்சாஸில் பத்திரத்தை எழுதி, கையெழுத்திட்டு, உங்கள் கையில் கொடுத்துவிட்டால் உங்கள் இருவருக்குள் அது செல்லும், பதிவு செய்யாவிட்டாலும். அதனால்தான் பலர் அதை அலமாரியில் வைத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். ஆனால் அதே ஆள் அதே நிலத்தை இன்னொருவருக்கு விற்று, அந்த இரண்டாமவர் உங்களைப் பற்றி அறியாமல் உரிய விலை கொடுத்து வாங்கியிருந்தால், டெக்சாஸ் சொத்துச் சட்டத்தின் 13.001ஆம் பிரிவு அவர் பக்கம் நிற்கும். கையெழுத்தான அன்றே பதியக் கொடுங்கள். நாளை என்று தள்ள ஒரு காரணமும் இல்லை. முத்திரைத்தாள் செலவும் கிடையாது, நிலம் கைமாறுவதற்கு வரி போடுவதையே 2015இல் மாநில அரசியலமைப்பில் தடை செய்துவிட்டார்கள். பெரும்பாலான கவுண்டிகளில் முதல் பக்கத்துக்கு 25 டாலர், அடுத்த ஒவ்வொரு பக்கத்துக்கும் 4 டாலர், அவ்வளவுதான்.

அடுத்தது, வரிக்காகச் சொத்துகளை மதிப்பிடும் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட்டின் இணையதளம். வரைபடத்தில் நிலத்தைத் தொட்டால் உரிமையாளர் பெயர், ஏக்கர், மதிப்பு எல்லாம் வந்துவிடும். இதைப் பட்டா என்று எடுத்துக்கொள்கிறவர்கள் நிறைய. அது வரி வசூலுக்கான கணக்கு, உரிமைக்கு ஆதாரம் ஆகாது. அதிலுள்ள கோடுகளும் அளந்து போட்டவை அல்ல, அதை வைத்து வேலி போட்டுவிடாதீர்கள். ஆனாலும் தேடலுக்கு நல்ல வாசல் அதுதான். கடைசிப் பத்திரத்தின் எண் அல்லது தொகுதி–பக்க எண்ணும், நிலத்தின் அப்ஸ்டிராக்ட் எண்ணும் (அரசு முதலில் வழங்கிய நிலத்துக்கு இட்ட எண்) பெரும்பாலும் அங்கேயே கிடைக்கும். அவற்றைக் குறித்துக்கொண்டு கிளார்க் அலுவலகத்துக்குப் போங்கள்.

எங்கே தேடுவது, எதுவரை தேடுவது

பதிவேடு இருப்பது ஆள் பெயரில், நிலத்தின் பெயரில் அல்ல. கொடுத்தவர் பெயருக்கு ஓர் அட்டவணை, பெற்றவர் பெயருக்கு ஓர் அட்டவணை. இன்றைய உரிமையாளரைப் பெற்றவர் பட்டியலில் தேடி, அவருக்குக் கொடுத்தவரைக் கண்டுபிடித்து, அந்தக் கொடுத்தவர் யாரிடம் பெற்றார் என்று ஒவ்வொரு படியாகப் பின்னால் போக வேண்டும். பலர் இதோடு நின்றுவிடுகிறார்கள். பின்னால் போன வழியிலேயே முன்னாலும் வர வேண்டும். ஒவ்வொருவரும் நிலத்தை வைத்திருந்த காலத்தில் வேறு யாருக்காவது எதையாவது எழுதிக் கொடுத்தாரா என்று கொடுத்தவர் பட்டியலில் பார்க்க வேண்டும். பாதை உரிமை, எண்ணெய்க் குத்தகை, அடமானம் எல்லாம் சிக்குவது அங்கேதான்.

இணையத்தில் இருப்பது முழுப் பதிவேடு என்று நம்புவது இன்னொரு தவறு. சிறிய கவுண்டிகளில் இணைய அட்டவணை சில பத்தாண்டுகளுக்குத்தான் பின்னால் போகும். அதற்கு முந்தையது கோர்ட்ஹவுஸ் அறையில், இரண்டு கையால் தூக்க வேண்டிய பெரிய ஏடுகளில் இருக்கிறது. மக்கள்தொகை 8,000க்குக் குறைவான கவுண்டிகளில் கவுண்டி கிளார்க், நீதிமன்ற வழக்கு ஆவணங்களை வைத்திருக்கும் டிஸ்ட்ரிக்ட் கிளார்க் இரண்டு வேலையையும் ஒரே ஆள் பார்ப்பது வழக்கம். போவதற்கு முன் போன் செய்து நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். "இந்த நிலத்தில் வில்லங்கம் இருக்கிறதா?" என்று அவர்களிடம் கேட்காதீர்கள், அதற்கு அவர்கள் பதில் சொல்லக் கூடாது. "1970க்கு முந்தைய அட்டவணை எந்த அலமாரியில்?" என்று கேட்டால் எழுந்து வந்து காட்டுவார்கள்.

பத்திர ஏடு மட்டும் போதாது. உயில், வாரிசு வழக்குகளுக்குத் தனி ஏடு. விவாகரத்து வழக்கு டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடம் இருக்கும். கடன் தீர்ப்புகள், வரி வழக்குகள், நிலுவை வழக்கு அறிவிப்புகள் என்று பார்க்க வேண்டியவை இன்னும் உண்டு. ஊரில் வில்லங்கச் சான்று ஒன்று எடுத்தால் பதிவான பரிமாற்றங்கள் வரிசையாக வந்துவிடும். இங்கே அப்படி ஒரு சான்றைக் கிளார்க் தருவதில்லை.

கவுண்டியும் எப்போதும் ஒரே மாதிரி இருந்ததில்லை. மேற்கு டெக்சாஸின் லவிங் கவுண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 64 பேர். 1893இல் தனி நிர்வாகம் அமைந்தது, 1897இல் கலைந்து பக்கத்து ரீவ்ஸ் கவுண்டியோடு சேர்ந்தது, 1931இல் மறுபடி தனியானது. அங்கே பழைய பத்திரம் தேடுகிறவர் ரீவ்ஸ் கவுண்டிக்கும் போகத் தயாராக இருக்க வேண்டும். பத்திரச் சங்கிலி ஒரு வருடத்தோடு திடீரென்று அறுந்தால், திருட்டு வேலை என்று முடிவுகட்டும் முன் அந்த வருடத்தில் கவுண்டிக்கு என்ன நடந்தது என்று பாருங்கள்.

அப்புறம், தாத்தா பெயரில் வாங்கிய நிலத்தைப் பேரன் விற்கிற இடம். நடுவில் காகிதமே இருக்காது. இங்கே தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் போன்றது எதுவும் இல்லை. குடும்பத்தை நன்றாகத் தெரிந்த, அந்தச் சொத்தில் ஆதாயம் இல்லாத இரண்டு பேர் சத்தியம் செய்து எழுதும் வாரிசு அஃபிடவிட் ஒன்றைப் பதிவார்கள். ஐந்து வருடம் பதிவேட்டில் இருந்துவிட்டால் நீதிமன்றம் அதை முதல்நிலைச் சான்றாக, அதாவது யாராவது தவறென்று நிரூபிக்கும் வரை, ஏற்கும், அவ்வளவுதான் அதன் பலம். அதில் ஒரு பெரியம்மாவின் பெயர் விடுபட்டிருந்தால், அவர் பங்கு மாயமாய் மறைந்துவிடாது. நேற்றுப் பதிந்த வாரிசு அஃபிடவிட்டை நம்பி முழுப் பணத்தையும் கொடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது.

பத்திரத்தில் கண்ணில் படாத வரிகள்

டெக்சாஸ் பத்திரத்தில் விலை பெரும்பாலும் இருக்காது. "பத்து டாலரும் பிற மதிப்புள்ள ஈடும்" என்று எழுதியிருப்பார்கள். அதை வைத்துப் பக்கத்து நிலத்தின் விலையைக் கணக்குப் போட முடியாது. அது ஏமாற்று வேலையும் அல்ல, வழக்கம்.

நில விவரத்தைப் படிக்காமல் புரட்டிவிடுவதுதான் ஆபத்து. டெக்சாஸ் அமெரிக்காவோடு சேர்ந்தபோது தன் பொது நிலத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. அதனால் மற்ற பல மாநிலங்களில் இருக்கும் சதுரக் கட்ட அளவைமுறை இங்கே இல்லை. "இன்ன கல்லில் தொடங்கி, வடக்கே இத்தனை வாரா, அடையாளம் வெட்டிய போஸ்ட் ஓக் மரம் வரை" என்று எழுதியிருக்கும். வாரா என்பது ஸ்பானியர் காலத்து அளவு, டெக்சாஸ் கணக்கில் 33⅓ அங்குலம். அதைக் கஜம் என்று நினைத்து 36 அங்குலமாகக் கணக்கிட்டால் ஒவ்வொரு 100 வாராவிலும் 22 அடிக்கு மேல் தவறிப்போகும். அந்த ஓக் மரம் பட்டுப்போயிருக்கும், கல்லை டிராக்டர் புரட்டியிருக்கும். உரிமம் பெற்ற சர்வேயரை வைத்து அளக்காமல் வாங்காதீர்கள். நிலத்தை அரசு முதன்முதலில் யாருக்குக் கொடுத்தது என்ற மூல ஆவணம், 1836இல் நிறுவப்பட்டு இப்போது ஆஸ்டினில் இயங்கும் ஜெனரல் லேண்ட் ஆபீஸில் இருக்கிறது.

இதைவிடப் பெரியது நிலத்தடி உரிமை. மேல்மண்ணும் கீழே இருக்கும் எண்ணெய், எரிவாயுவும் இங்கே தனித்தனிச் சொத்தாகப் பிரியலாம். 1940களில் ஒருவர் விற்கும்போது "கனிமங்கள் நீங்கலாக" என்று ஒரு வரி எழுதியிருந்தால், அதற்குப் பிறகு எத்தனை கை மாறினாலும் அது அவர் வாரிசுகளுடையதுதான். உங்கள் பத்திரத்திலோ "பதிவில் உள்ள ஒதுக்கீடுகளுக்கு உட்பட்டு" என்று பொதுவாக முடிந்திருக்கும். கனிம உரிமை உள்ளவருக்கு, எண்ணெய்க் கிணறு தோண்டத் தேவையான அளவுக்கு உங்கள் மேல்மண்ணைப் பயன்படுத்தவும் உரிமை உண்டு. கடைசி இரண்டு பத்திரத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தக் கூடாது என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

பதியும்போது

நிலம் எந்தக் கவுண்டியில் இருக்கிறதோ அங்கே பதிய வேண்டும், தபால் முகவரியை நம்பாதீர்கள். இரண்டு கவுண்டியில் நிலம் படர்ந்திருந்தால் இரண்டிலும் பதிந்துவிடுங்கள். வாங்குபவரின் தபால் முகவரி பத்திரத்தில் இல்லையென்றால் அபராதக் கட்டணம் விழும். கையெழுத்துக்குக் கீழே பெயர் தெளிவாக அச்சாகியிருக்க வேண்டும். சோஷியல் செக்யூரிட்டி எண்ணை எழுதவே எழுதாதீர்கள், அந்தக் காகிதத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

குடும்பம் வாழும் வீட்டை விற்கும்போது பத்திரத்தில் ஒருவர் பெயர்தான் இருக்கிறது என்று அவர் மட்டும் கையெழுத்திட்டால் போதாது. கணவன், மனைவி இருவர் கையெழுத்தும் வேண்டும். மனைவி சென்னையில் இருந்தால் அமெரிக்கத் துணைத் தூதரக முத்திரையைத் தேடி அலைய வேண்டியதில்லை. டெக்சாஸில் 2018 முதல் ஆன்லைன் நோட்டரி உண்டு. பவர் கொடுத்திருந்தால், அந்தப் பவர் பத்திரத்தையும் அதே கவுண்டியில் 30 நாளுக்குள் பதிய வேண்டும். பலர் மறப்பது இதை.

பதிந்து சில வாரத்தில், அரசு முத்திரை போலத் தோன்றும் கடிதம் ஒன்று வரலாம், உங்கள் பத்திர நகலுக்கு நூறு டாலர் அனுப்பச் சொல்லி. கிழித்துப் போடுங்கள். கிளார்க்கிடம் பக்கத்துக்கு 1 டாலர், சான்றிட்ட நகல் என்றால் கூடுதலாக 5 டாலர்.

கடைசியாக, நம் பெயர். முதலெழுத்து, அப்பா பெயர், ஊர்ப் பெயர் என்று எழுதிப் பழகியவர்கள் நாம். பாஸ்போர்ட்டில் ஒரு வரிசை, டிரைவர் லைசன்ஸில் இன்னொரு வரிசை. பத்திரத்தில் எந்தப் பெயர் குடும்பப் பெயராக விழுந்ததோ அதன் கீழ்தான் அட்டவணையில் ஏறும். வாங்கும்போது "முருகேசன் கந்தசாமி", விற்கும்போது "கந்தசாமி முருகேசன்" என்றால், தேடுகிறவருக்கு இருவரும் வேறு வேறு ஆள். டைட்டில் கம்பெனி வரைவை அனுப்பும்போதே பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பதிவான பிறகு அட்டவணையில் உங்கள் பெயரை நீங்களே ஒருமுறை தேடுங்கள். எழுத்துப் பிழை பத்திரத்திலேயே இருந்தால், திருத்த ஆவணம் ஒன்றைப் பதிய டெக்சாஸ் சட்டம் வழி தருகிறது. விற்றவர் இன்னும் போனை எடுக்கிற காலத்திலேயே அதைச் செய்துவிடுங்கள்.