கடினமான அரிய மரங்களில் சிறு விலங்கு உருவங்களைச் செதுக்குதல்

மரம் செதுக்கப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் பாஸ்வுட் போன்ற மென்மையான மரத்தில்தான் தொடங்குகிறார்கள். அங்கே கற்ற கைப்பழக்கத்தை அப்படியே எபனி, லிக்னம் விட்டே போன்ற மிகக் கடினமான மரங்களில் காட்டினால் கத்தி வழுக்கும், உளியின் முனை உடையும், கை சோர்ந்துபோகும். மரத்தின் கடினத்தை அளக்கும் ஜாங்கா சோதனையில் பாஸ்வுட் ஏறத்தாழ 410 பவுண்டு விசையைத் தாங்குகிறது. ஊதா நிற மரமான பர்ப்பிள்ஹார்ட் ஏறத்தாழ 2,500 வரையும், லிக்னம் விட்டே 4,000-க்கு மேலும் தாங்குகின்றன. இந்த வேறுபாட்டை வலிமையால் ஈடுகட்ட முயல்வது வீண். உருவத்தின் நிலை, நார் ஓட்டம், கருவியின் முனை ஆகிய மூன்றையும் மரத்திற்கு ஏற்றபடி மாற்றிக்கொள்வதே வழி.

கடின மரம் கேட்கும் உழைப்புக்கு ஈடாக அது தருவதும் பெரியது. பாக்ஸ்வுட், எபனி போன்றவற்றின் துளைகள் மிக நுண்ணியவை என்பதால் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கோடுகூட சிதையாமல் நிற்கும். வார்னிஷ் இல்லாமலேயே மெருகு ஏறும். எடோ காலத்து (17 முதல் 19-ஆம் நூற்றாண்டு வரை) ஜப்பானில் இடைக்கச்சையில் தொங்கவிடும் பொருள்களுக்குப் பிடிப்பாகப் பயன்பட்ட நெட்சுகே உருவங்களில் பலவும் பாக்ஸ்வுட்டில் செதுக்கப்பட்டவை. சில சென்டிமீட்டர் அளவே உள்ள அந்த எலிகளும் முயல்களும் உடலைச் சுருட்டி, காதை முதுகோடும் வாலைக் காலோடும் ஒட்டவைத்து அமர்ந்திருக்கும். துணியில் சிக்காமலும் உடையாமலும் இருப்பதற்காக அமைந்த அந்த நிலை, கடின மரத்தில் வேலை செய்ய விரும்பும் எவருக்கும் மிகச் சிறந்த பாடம். நான்கு கால்களில் நிற்கும் மானைவிட, உறங்கும் பூனை, ஆமை, தவளை, சுருண்ட எறும்புதின்னி ஆகியவையே முதல் முயற்சிகளுக்கு உகந்தவை.

இசைக்கருவி செய்வோரும் கத்திப்பிடி செய்வோரும் கழிக்கும் துண்டுகள் இந்த அளவு வேலைக்குப் போதும். வாங்கும்போது நிறத்தைவிட உலர்ச்சியை முதலில் பாருங்கள். கனமான மரங்கள் மிக மெதுவாக உலர்கின்றன. அவசரப்பட்டு உலர்த்தினால் முனைகளில் வெடிப்பு விழும், எபனியில் இது அதிகம். துண்டின் வெட்டுமுனைகளில் மெழுகு பூசி நிழலில் வைத்து, அவ்வப்போது எடை போட்டு, எடை குறைவது நின்ற பிறகே செதுக்கத் தொடங்குங்கள். மரத்தண்டின் நட்டநடுப் பகுதி உள்ள துண்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை ஒதுக்கிவிடுவது நல்லது, ஏனெனில் அது பின்னர் பிளக்கும். வைரம் பாய்ந்த உட்பகுதியும் வெளிறு எனப்படும் வெளிர்நிற வெளிப்பகுதியும் ஒரே துண்டில் இருந்தால், நிற வேறுபாட்டை ஒரு பறவையின் மார்புக்கோ மீனின் வயிற்றுக்கோ பயன்படுத்தலாம். எந்த மரம் என்பதையும் கேட்டறிய வேண்டும்: ரோஸ்வுட் வகைகள் அடங்கிய டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 முதல் அழியும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் பட்டியலில் இருக்கிறது. எல்லை தாண்டி அனுப்பவோ விற்கவோ எண்ணுகிறவர்கள் உரிய சான்றுகளை முன்கூட்டியே பெற வேண்டும்.

துண்டின் மீது படம் வரைவதற்கு முன் நார் ஓடும் திசையைக் கண்டுகொள்ளுங்கள். உருவத்தில் எது மிக மெல்லிய பகுதியோ, அதன் நீளவாக்கில் நார் ஓட வேண்டும். குறுக்கு நாரில் அமைந்த காதோ வாலோ லேசான அழுத்தத்திலேயே முறியும். மெல்லிய பகுதிகள் வெவ்வேறு திசைகளில் நீட்டியிருந்தால், குறையை மரத்தில் தேடாமல் நிலையை மாற்றி வரைவதே சரி. கருமையான மரத்தில் வெள்ளைப் பென்சில் தெளிவாகத் தெரியும். நடுக்கோட்டை எல்லாப் பக்கமும் சுற்றி வரைந்து, செதுக்கச் செதுக்க அழியும் அந்தக் கோட்டை ஒவ்வொரு முறையும் திரும்ப வரையுங்கள். முகத்தின் இரு பக்கமும் ஒத்துவருவதற்கு வேறு குறுக்குவழி கிடையாது.

புறவடிவத்தை மெல்லிய ரம்பத்தால் அறுத்து, கால்களுக்கு இடையிலும் கழுத்துக்குக் கீழும் உள்ள இடைவெளிகளைத் துளையிட்டு எடுத்துவிட்டால் உளிக்குப் பாதி வேலை குறையும். அடியில் இரண்டு சென்டிமீட்டர் அளவு மரத்தை விட்டுவைத்து அதை வைஸ் என்னும் பிடிகருவியில் இறுக்குங்கள். கடைசியில் அறுத்து நீக்கிக்கொள்ளலாம். கடின மரத்தில் வழுக்கும் கருவி எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது என்பதால், உருவத்தை உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு உளியைத் தள்ளக் கூடாது.

மென்மரத்துக்குத் தீட்டிய கூர்மை இங்கே பயன்படாது. முனைச் சாய்வு 25 முதல் 30 பாகை வரை இருந்தால் விளிம்பு பெயராமல் நிற்கும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை தோல் பட்டையில் தேய்க்கவும் வேண்டும். ஆழமாகத் தோண்டாமல், சிறு உளியைச் சிறிய கொட்டாப்புளியால் மெல்லத் தட்டித் தாள் போன்ற சீவல்களாக எடுங்கள். நார் பின்னிக் கிடக்கும் புளியமரத்திலும் பர்ப்பிள்ஹார்ட்டிலும் உளி எந்தத் திசையிலும் பிய்க்கும்; அங்கே அரமும் சுரண்டுதகடும்தான் கைகொடுக்கும். சுழற்கருவியில் கார்பைடு முனையைப் பயன்படுத்தினால் ஒரே இடத்தில் அழுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருங்கள். சூடேறினால் எண்ணெய்ப் பசையுள்ள மரத்தில் பிசின் கசிந்து முனையை அடைத்துவிடும், மேற்பரப்பும் கருகும்.

கண்ணைக் குழியாகத் தோண்டத் தொடங்காதீர்கள். அந்த இடத்தில் மேட்டை விட்டுவைத்து, அதைச் சுற்றி இமையைத் தாழ்த்தினால் பார்வை உயிர்பெறும். தோலின் மயிரை உடல் முழுவதும் கீறுவதைவிட, கழுத்திலும் தொடையிலும் மட்டும் கீறி மற்ற இடத்தை வழுவழுப்பாக விடுவதே என் கண்ணுக்குச் சிறப்பாகப் படுகிறது. அரிய மரத்தின் ரேகையை மறைத்தால் அந்த மரத்தைத் தேர்ந்ததற்குப் பொருளே இல்லை.

உப்புத்தாளை 180 எண்ணுள்ள சொரசொரப்பான தாளில் தொடங்கி 240, 320, 400, 600 என ஏற்றுங்கள். இடையில் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்து, எழும் நார் முனைகளை உலர்ந்தபின் தேயுங்கள். இந்தக் கட்டத்தில் எழும் தூளை அலட்சியப்படுத்தக் கூடாது. மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது; ரோஸ்வுட், எபனி போன்றவற்றின் தூள் சிலருக்குத் தோல் அரிப்பையும் மூச்சிரைப்பையும் தரும். முகத்தோடு இறுகப் பொருந்தும் என்95 கவசமாவது அணியுங்கள். தூளை ஊதித் தள்ளாமல் ஈரத்துணியால் எடுங்கள்.

மேற்பூச்சில் மரத்துக்கு மரம் வேறுபாடு உண்டு. ஆளி எண்ணெய் போல உலர்ந்து இறுகும் எண்ணெய்கள் ரோஸ்வுட் வகைகளில் பல நாள் பிசுபிசுத்தே இருக்கும். அவற்றுக்கு மெல்லிய அரக்குப் பூச்சும் மெழுகும் போதும். எதையேனும் ஒட்டவேண்டுமானால் ஒட்டும் பரப்பை அதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடைக்க வேண்டும். புதிதாக அறுத்த பர்ப்பிள்ஹார்ட் மங்கிய பழுப்பாகத் தெரியும். காற்றும் ஒளியும் பட்டு ஊதா நிறம் வந்தபின் பூச்சு இடுங்கள், பிறகு வெயில் படாத இடத்தில் வையுங்கள், இல்லையெனில் மீண்டும் பழுப்பாகிவிடும். ஆளி எண்ணெய் தோய்ந்த துணி தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடியது என்பதால், அதைக் கசக்கிப் போடாமல் வெளியில் விரித்து உலர்த்தியோ தண்ணீரில் நனைத்தோ அப்புறப்படுத்துங்கள்.