எலிவேட்டர் வேலையில் சறுக்கும் இடங்கள்

எலிவேட்டர்தான் விமானத்தைத் தூக்குகிறது என்று நினைப்பது முதல் தவறு. பேரால் வந்த குழப்பம். வாலில் அசையாமல் இருக்கும் ஸ்டெபிலைசரின் பின்விளிம்பில் கீல் வைத்துப் பொருத்திய பலகை அது. விமானி கன்ட்ரோலைத் தன் பக்கம் இழுத்தால் பலகை மேலே எழும்பும், காற்று வாலைக் கீழே அழுத்தும், மூக்கு நிமிரும்.

காக்பிட் கன்ட்ரோலை எலிவேட்டரோடு இணைக்கும் கேபிளை மாற்றியபின் "ஆடுது சார், ஓகே" என்று கையெழுத்துப் போடுவது அடுத்தது. ஒருவர் காக்பிட்டில் இழுக்க, இன்னொருவர் வாலருகே நின்று எந்தப் பக்கம் போகிறது, எத்தனை டிகிரி போகிறது என்று அளக்க வேண்டும். செஸ்னா 172 என்ற சிறு விமானம் என்றால் மேலே 28, கீழே 23. 2003 ஜனவரி 8 அன்று அமெரிக்காவின் சார்லட்டில் ஏர் மிட்வெஸ்ட் 5481 விமானம் விழுந்து, அதில் இருந்த 21 பேரும் இறந்தார்கள். பராமரிப்பில் கேபிள் தவறாகச் சரிசெய்யப்பட்டிருந்ததால், எலிவேட்டர் கீழே இறங்க வேண்டிய அளவில் ஏறக்குறைய பாதிதான் இறங்கியது. வால் பக்கம் பாரமும் கூடுதல். நிமிர்ந்த மூக்கைத் தாழ்த்த வழியில்லை.

சென்னையில் கூடுதலாக ஒரு வம்பு உண்டு: வெயில். அலுமினிய உடல், எஃகுக் கேபிளைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். மீனம்பாக்கத்தில் மே மாத மதியம் வெளியே காய்ந்த விமானத்தை ஹாங்கருக்குள் தள்ளிய கையோடு டென்ஷன் மீட்டரை (கேபிளின் இறுக்கத்தை அளக்கும் கருவி) மாட்டினால் கேபிள் விறைப்பாகக் காட்டும். அதை நம்பித் தளர்த்தினால், மேலே குளிரில் தொய்ந்துவிடும். உடலும் கேபிளும் ஒரே சூட்டுக்கு வரும்வரை பொறுத்திருந்து, கையேட்டின் வெப்பநிலை அட்டவணைப்படி வையுங்கள். கேபிளை இறுக்கவும் தளர்த்தவும் உதவும் டர்ன்பக்கிளின் உருளைக்கு வெளியே மூன்று திருகுப் புரிகளுக்கு மேல் தெரியக்கூடாது.

கேபிளை வெறும் விரலால் தடவிப் பார்க்காதீர்கள், கிழித்துவிடும். துணியைச் சுற்றி இழுத்தால், அறுந்த இழை நூலைப் பிடிக்கும். புல்லி மேல் ஓடும் இடத்தில் வளைத்தும் பாருங்கள். உள் இழை அறுந்திருப்பது அங்கேதான் தெரியும். கடற்காற்றில் துரு உள்ளிருந்தே தொடங்கும்.

பெயின்ட் அடித்த எலிவேட்டரை அப்படியே மாட்டுவது பெரிய ஆபத்து. பெயின்டால் கீலுக்கு 30 செ.மீ. பின்னால் 100 கிராம் எடை ஏறினால், 10 செ.மீ. முன்னால் 300 கிராம் வைத்தால்தான் தராசு நிற்கும். பேலன்ஸ் கெட்டால் வேகத்தில் படபடவென்று அதிர்ந்து பிய்த்துக்கொள்ளும்.

உதிரிபாகம்? அம்பத்தூர் லேத்தில் இதே அளவு போல்ட் கடைந்து தருவார்கள்தான். உலோகம், சூட்டுப்பதம், சான்று மூன்றும் அதில் இருக்காது. சுழலும் இணைப்புகளில் நைலான் நட் மட்டும் போட்டு விடாதீர்கள். துளையுள்ள போல்ட், கோட்டை நட் (மேலே பள்ளங்கள் வெட்டிய நட்), இரண்டையும் கோத்து நட் சுழலாமல் பூட்டும் புதிய காட்டர் பின் வேண்டும். கழற்றிய காட்டர் பின்னை நிமிர்த்தித் திரும்பப் போடுகிற பழக்கம் இருந்தால், பின்னைக் கழற்றியவுடனேயே குப்பையில் போடுங்கள்.