காரைக்குடிப் பக்கமிருந்து நோயெதிர்ப்பு ஆராய்ச்சிக்குப் போக

புற்றுநோய் ஆராய்ச்சி என்றால் எம்.பி.பி.எஸ். படித்திருக்க வேண்டும் என்று நம்ம ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவசியமே இல்லை. விலங்கியல், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல் எதில் பி.எஸ்சி. முடித்தாலும் வழி இருக்கிறது. தேவகோட்டையில் தமிழ் வழியில் படித்துவிட்டு இன்றைக்கு டி செல்களோடு (நோயை எதிர்த்துப் போராடும் ஒருவகை இரத்த வெள்ளணுக்கள்) மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன், அந்த உரிமையில் சொல்கிறேன்: முதலில் ஒரு கேள்வியைப் பிடியுங்கள். கோர்ஸ், காலேஜ் எல்லாம் அதற்குப் பிறகு.

அமெரிக்க விஞ்ஞானி ஜேம்ஸ் ஆலிசனைப் பாருங்கள். டி செல்லின் மேல் சி.டி.எல்.ஏ-4 என்று ஒரு புரதம் இருக்கிறது, அது டி செல்லை அடக்கி வைக்கிறது. அந்த அடக்குதலை மறித்துவிட்டால் டி செல் புற்றுக்கட்டியைத் தாக்குமா? இதுதான் அவர் கேள்வி. எலிகளில் கட்டி கரைந்ததை 1996இல் வெளியிட்டார். அது இபிலிமுமாப் என்ற மருந்தாகி அமெரிக்காவில் அனுமதி பெற்றது 2011இல். நடுவில் 15 வருஷம் அதே கேள்வியோடு நின்றார். அதேபோல டி செல்லை அடக்கும் பி.டி-1 என்ற புரதத்தைக் கண்டுபிடித்த ஜப்பானிய விஞ்ஞானி தசுகு ஹோஞ்சோவோடு 2018இல் நோபல் பரிசு கிடைத்தது.

உங்கள் கேள்வியைக் கண்டுபிடிக்க ஆய்வுக் கட்டுரை படிக்கப் பழகுங்கள். முதல் வரியிலிருந்து படிக்க வேண்டாம். படங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் எதை எதோடு ஒப்பிட்டிருக்கிறார்கள் என்று தமிழில் எழுதிப் பாருங்கள். எழுத வராத இடம்தான் உங்களுக்குப் புரியாத இடம்.

தேர்வுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, பயிற்சி நிலையங்களே சொல்லிவிடும். எம்.எஸ்சி.க்கு ஜாம், காட்-பி என்ற நுழைவுத் தேர்வுகள், பி.எச்டி.க்கு நெட் தேர்வில் கிடைக்கும் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் நோயெதிர்ப்பியலுக்குத் தனித் துறையே இருக்கிறது, வீட்டிலிருந்து எட்டும் தூரம். ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். கல்யாணப் பேச்சை எடுக்கும் ஆத்தாவிடமும் அப்பச்சியிடமும் இதைச் சொல்லுங்கள். பி.எச்டி. ஐந்தாறு வருஷம் இழுக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

இனி கைவேலை. இரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிரிப்பதுதான் இந்தத் துறையில் பாலபாடம். குழாயின் அடியில் ஃபைக்கால் என்ற அடர்த்தியான திரவம் இருக்கும். குழாயைச் சாய்த்துப் பிடித்து, நீர்த்த இரத்தத்தை அதன் சுவரோடு வழிய விட வேண்டும். அவசரப்பட்டால் இரண்டும் கலந்துவிடும், மறுபடி முதலிலிருந்துதான். பிறகு குழாயைச் சென்ட்ரிஃபியூஜ் என்ற எந்திரத்தில் வைத்துச் சுழற்றும்போது அதன் பிரேக்கை அணைத்து வையுங்கள், சட்டென்று நின்றால் அடுக்குகள் குலைந்துபோகும். எடுத்துப் பார்த்தால் சிவப்பணு அடியில், பிளாஸ்மா மேலே, இடையில் வெள்ளையாக ஒரு மெல்லிய வளையம். டி செல்கள் அதில்தான் இருக்கின்றன. கீழே இருப்பது கலக்காமல் அந்த வளையத்தை மட்டும் உறிஞ்சி எடுக்கும் பக்குவம் செய்யச் செய்யத்தான் வரும். கல்லூரி விடுமுறையில் ஏதாவதொரு ஆய்வகத்தில் போய் நில்லுங்கள். மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து தரும் கோடைக்கால ஃபெல்லோஷிப்புக்குக் கண்டிப்பாக விண்ணப்பியுங்கள்.

நோட்டுப் புத்தகத்தை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போன நம்ம ஐயாமார் அன்றாட வரவு செலவை அன்றன்றே சிட்டையில் எழுதினார்கள், அதிலிருந்து பேரேட்டில் ஏற்றினார்கள். ஆய்வக நோட்டும் அப்படித்தான். எந்த ஆன்டிபாடி (எதிர்ப்புரதம்), அதன் குப்பியில் எந்த லாட் நம்பர், எத்தனை மைக்ரோலிட்டர், எத்தனை மணிக்கு என்று அன்றைக்கே பேனாவில் எழுத வேண்டும். சரியாக வராத சோதனையையும் அப்படியே எழுத வேண்டும். பேராசிரியர் கேட்கிற விடைக்காக ஒரு எண்ணைக்கூடத் திருத்தக் கூடாது. இந்த எண்களை நம்பித்தான் பின்னால் ஒரு நோயாளியின் கையில் ஊசி ஏறும்.

வெளிநாடு போனால்தான் இந்த வேலை என்ற எண்ணமும் வேண்டாம். நெக்ஸ்கார்19 என்ற கார்-டி சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் நம் நாட்டில் அனுமதி கிடைத்தது. நோயாளியின் டி செல்லையே எடுத்து, புற்றணுவை அடையாளம் காணும்படி மாற்றித் திருப்பிச் செலுத்துகிறார்கள். ஐ.ஐ.டி. பம்பாயும் டாடா நினைவு மையமும் சேர்ந்து உருவாக்கியது, விலையும் அமெரிக்காவைவிட மிகக் குறைவு.

பி.எச்டி. வழிகாட்டும் பேராசிரியரைத் தேர்ந்தெடுக்கும்போது நிறுவனத்தின் பெயரைப் பார்த்து மயங்காமல், அவரிடம் படித்து முடித்தவர்களிடம் விசாரியுங்கள். மின்னஞ்சலில் ‘மதிப்பிற்குரிய ஐயா, வாய்ப்புத் தாருங்கள்’ என்று மட்டும் எழுதினால் பதில் வருவது அபூர்வம். அவர் கட்டுரை ஒன்றைப் படித்து, எந்தப் படத்தில் உங்களுக்கு என்ன சந்தேகம் வந்தது என்று நாலு வரி எழுதி அனுப்புங்கள்.