பேசில் ராத்போன் படங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராத்போன் துப்பறிவாளர் ஷெர்லக் ஹோம்ஸாக நடித்த படங்கள் 14. எல்லாம் ஒரே தொடர் என்று நினைத்துக்கொண்டு கையில் கிடைத்ததைப் போட்டுப் பார்ப்பதுதான் பலரும் செய்வது. 1939இல் ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் எடுத்த இரண்டு மட்டுமே விக்டோரியா காலத்தில் நடப்பவை. 1942 முதல் 1946 வரை யுனிவர்சல் எடுத்த பன்னிரண்டும் 1940களில் நடக்கின்றன. ஹோம்ஸ் காரில் போகிறார், நாஜி உளவாளிகளைப் பிடிக்கிறார். யுனிவர்சலின் முதல் படமான 'வாய்ஸ் ஆஃப் டெரர்'இல், வழக்கமான வேட்டைத் தொப்பியை எடுக்கக் கை நீட்டும் ஹோம்ஸை அவருடைய தோழர் வாட்சன் தடுப்பார். ஹோம்ஸ் சாதாரணத் தொப்பியோடு கிளம்பிவிடுவார். பழைய லண்டனை எதிர்பார்த்து உட்கார்ந்தவர்கள் இங்கேதான் எரிச்சலாகிறார்கள். ஃபாக்ஸ் படங்கள் இரண்டையும் முதலில் பார்த்துவிடுங்கள். பிறகு நேரே 'ஸ்கார்லெட் கிளா' (1944). எங்கள் கணக்கில் யுனிவர்சல் வரிசையில் சிறந்தது அதுதான்.

படத்துக்குப் படம் கதைத் தொடர்ச்சியைத் தேடுவதும் வீண். ஹோம்ஸின் பரம எதிரி மோரியார்ட்டி மூன்று படங்களில் வருகிறார். ஜார்ஜ் ஸூக்கோ, லயனல் அட்வில், ஹென்றி டேனியல் என்று மூன்று வெவ்வேறு நடிகர்கள்; மூன்றிலும் ஆள் செத்துப்போகிறார்!

இந்தப் படங்களில் வரும் நைஜல் புரூஸின் தடுமாறும் வாட்சனை வைத்து, ஹோம்ஸ் கதைகளை எழுதிய கானன் டாயிலின் வாட்சனை எடைபோடாதீர்கள். கதைகளில் அவர் ஆப்கன் போரில் காயம்பட்ட ராணுவ மருத்துவர், விவரமான மனிதர்.

ராத்போனைப் பற்றி எழுதுபவர்கள் வேறு இடங்களில் சறுக்குகிறார்கள். பிரிட்டிஷ் நடிகர்தான், ஆனால் பிறந்தது ஜோகன்னஸ்பர்க்கில், 1892இல். முதல் துப்பறியும் வேடமும் ஹோம்ஸ் அல்ல. 1930இலேயே 'பிஷப் மர்டர் கேஸ்' படத்தில் ஃபைலோ வான்ஸ் என்ற துப்பறிவாளராக வந்துவிட்டார். ஆஸ்கர் பரிந்துரை இரண்டு முறை வந்தது, இரண்டும் துணை நடிகர் பிரிவில், 'ரோமியோ அண்ட் ஜூலியட்' (1936), 'இஃப் ஐ வேர் கிங்' (1938) படங்களுக்காக. ஹோம்ஸுக்கு எதுவுமில்லை. ஃபாக்ஸின் முதல் ஹோம்ஸ் படமான 'பாஸ்கர்வில்ஸ்' படத்தின் பெயர்ப் பட்டியலில்கூட முதலிடம் ரிச்சர்ட் கிரீனுக்குத்தான். 'ஹெய்ரஸ்' நாடகத்தில் நாயகியின் தந்தையாக நடித்ததற்காக 1948இல் டோனி விருது வாங்கினார். மறுவருடம் வந்த அதன் திரைப்படத்தில் அந்தத் தந்தை வேடம் ரால்ஃப் ரிச்சர்ட்சனுக்குப் போனது. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. வாள்வீச்சில் கெட்டிக்காரர் என்பதால் திரையிலும் ஜெயித்திருப்பார் என்று எழுதிவிட வேண்டாம். எரோல் ஃபிளினிடம் இரண்டு படங்களில் தோற்றார், 'மார்க் ஆஃப் ஸோரோ'வில் டைரோன் பவரிடமும்.

இனி ஹோம்ஸ் படங்களின் பிரதி விஷயம். 'சீக்ரெட் வெப்பன்', 'உமன் இன் கிரீன்', 'டெரர் பை நைட்', 'டிரஸ்ட் டு கில்' நான்கும் பதிப்புரிமை காலாவதியானவை. யார் வேண்டுமானாலும் வெளியிடலாம் என்பதால் இணையத்தில் மங்கலான பிரதிகளும், பின்னாளில் வண்ணம் பூசியவையும் குவிந்து கிடக்கின்றன. கறுப்பு-வெள்ளையில், யுசிஎல்ஏ (லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) ஆவணக் காப்பகம் சீரமைத்த பிரதியைத் தேடுங்கள். சதுரத்தை ஒட்டிய படத்தை டிவியின் அகலத்துக்கு இழுத்தால் ராத்போனின் ஒடுங்கிய முகம் பூசணியாகிவிடும். 4:3 விகிதத்திலேயே வையுங்கள். 'டிரஸ்ட் டு கில்' தேடும்போது 1946 என்று ஆண்டையும் சேர்த்துத் தட்டுங்கள். இல்லையென்றால் வந்து நிற்பது பிரையன் டி பால்மாவின் 1980 படம், அது குழந்தைகளோடு பார்க்கிற சமாச்சாரம் அல்ல.