ஜிம் எடுத்த பணத்தை பேங்க் எப்படித் திருப்பித் தரும்? பிரிட்டனில் டைரக்ட் டெபிட் ரீஃபண்ட், படிப்படியாக

பிரிட்டனுக்கு வந்த முதல் வருடம் ஒரு ஜிம்மில் சேர்ந்தேன். ஆறு மாதத்தில் அலுத்துப்போய், வேண்டாம் என்று மின்னஞ்சல் அனுப்பினேன். "நவம்பரோடு முடிகிறது" என்று பதிலும் வந்தது. ஆனால் டிசம்பரில் 24.99 பவுண்ட் போயிற்று. ஜனவரியிலும் போயிற்று. போன் செய்தால், "தலைமை அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறோம், பத்து நாள் ஆகும்" என்றார்கள். அந்தப் பத்து நாள் மூன்று முறை வந்து போனது.

கூட வேலை பார்த்த அண்ணன் ஒருவர்தான், "அவன்கிட்ட ஏன்டா கெஞ்சுற? பேங்க்ல கேளு" என்றார். கேட்டேன். பன்னிரண்டு நிமிடப் பேச்சு. அன்று மாலையே இரண்டு மாதப் பணமும் கணக்கில் இருந்தது.

அவருக்குத் தெரிந்திருந்த விஷயத்தின் பெயர் டைரக்ட் டெபிட் கேரன்டி. டைரக்ட் டெபிட் போட்டால், மின்சாரக் கம்பெனியோ கவுன்சிலோ (உள்ளாட்சி நிர்வாகம்) நம் கணக்கிலிருந்து தானே பணத்தை இழுத்துக்கொள்ளும். எவ்வளவு, எந்தத் தேதி என்பதெல்லாம் அவர்கள் கையில். இவ்வளவு பெரிய உரிமையை ஒருவருக்குக் கொடுக்கும்போது, தவறு நடந்தால் நமக்கு ஒரு பிடி வேண்டுமல்லவா? அதுதான் இந்த கேரன்டி. கம்பெனி தவறு செய்தாலும், பேங்க் தவறு செய்தாலும், நம் பேங்க் முழுப் பணத்தையும் உடனே தர வேண்டும். டைரக்ட் டெபிட் ஏற்கும் எல்லா பேங்குகளும் பில்டிங் சொசைட்டிகளும் (உறுப்பினர்களுக்குச் சொந்தமான, பேங்க் போன்ற நிறுவனங்கள்) இதற்குக் கட்டுப்பட்டவை.

படி 1: போனது டைரக்ட் டெபிட்தானா?

மாதாமாதம் தானாகப் போகும் பணமெல்லாம் டைரக்ட் டெபிட் இல்லை. இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். சேரும்போது என்ன எண் கொடுத்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். சார்ட் கோடும் (பேங்கையும் கிளையையும் குறிக்கும் எண்) எட்டு இலக்கக் கணக்கு எண்ணும் கொடுத்திருந்தால் அது டைரக்ட் டெபிட். கார்டின் மேலே இருக்கும் நீண்ட எண்ணைக் கொடுத்திருந்தால் அது கார்டு வழியாகப் போகும் தொடர் கட்டணம். படம் பார்க்கும் சந்தாக்கள் பெரும்பாலும் இந்த வகைதான். அதற்கு இந்த கேரன்டி கிடையாது. ஆனால் அதையும் நிறுத்தச் சொல்லி நேரே பேங்கிடம் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. சொன்ன பிறகும் பணம் போனால் பேங்க் திருப்பித் தர வேண்டும்.

வீட்டு வாடகைக்கு நீங்களே அமைத்து வைப்பது ஸ்டாண்டிங் ஆர்டர். தொகையை முடிவு செய்பவர் நீங்கள் என்பதால் அதற்கும் இந்தப் பாதுகாப்பு இல்லை.

சந்தேகமாக இருந்தால் பேங்க் ஆப்பில் டைரக்ட் டெபிட் பட்டியலைத் திறந்து, அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 2: நடந்தது 'தவறு'தானா?

இதில் கொஞ்சம் நிதானம் வேண்டும், ஏனென்றால் மொத்த விஷயமும் இந்த ஒரு சொல்லில்தான் நிற்கிறது. சொன்ன தொகையை விட அதிகமாக எடுப்பது, சொன்ன தேதிக்கு முன்பே எடுப்பது, முன்னறிவிப்பே இல்லாமல் தொகையை மாற்றுவது, ரத்து செய்த பிறகும் எடுப்பது, நீங்கள் அனுமதியே கொடுக்காத யாரோ எடுப்பது: இவையெல்லாம் தவறு. தொகை, தேதி, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதில் எது மாறினாலும் கம்பெனி முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். வழக்கமாக 10 வேலை நாள். வேறு கால அளவுக்கு நீங்கள் ஒப்புக்கொண்டிருந்தால் அதுதான் கணக்கு.

ஓர் உதாரணம். மாதம் 90 பவுண்ட் எடுத்துக்கொண்டிருந்த மின்சாரக் கம்பெனி, இனி 140 என்று முறையாக மின்னஞ்சல் அனுப்புகிறது. நீங்கள் அதைத் திறக்கவே இல்லை. 140 போகிறது. வயிறு எரியும், ஆனால் கேரன்டி உதவாது. அதே கம்பெனி 140 என்று சொல்லிவிட்டு 160 எடுத்தால்? தாராளமாகக் கேட்கலாம். 140 என்பதே அநியாயம் என்றால், அந்தச் சண்டையைக் கம்பெனியோடுதான் போட வேண்டும்.

அதேபோல, "ஜிம்முக்கு நான் போகவே இல்லை", "சேவை சரியில்லை" என்பதெல்லாம் ஒப்பந்தத் தகராறு. பேங்க் அதில் நடுவராக உட்காராது.

படி 3: கையில் இரண்டு மூன்று விஷயம் வைத்துக்கொள்ளுங்கள்

பணம் போன தேதி, தொகை, ஸ்டேட்மென்டில் கம்பெனி பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் ரெஃபரன்ஸ் எண். ரத்து செய்ததற்கான மின்னஞ்சல் இருந்தால் அதுவும். போதும்.

கேட்பதற்குக் காலக்கெடு கிடையாது. எப்போதோ ரத்து செய்தது வருடக்கணக்காக ஓடிக்கொண்டிருந்ததை இன்று கண்டுபிடித்தாலும் கேட்கலாம். பழைய ஸ்டேட்மென்டுகளை ஒருமுறை புரட்டிப் பாருங்கள், சில சமயம் புதையல் கிடைக்கும்.

படி 4: பேங்கைக் கூப்பிடுங்கள்

சில ஆப்களிலேயே இதற்கு வழி இருக்கிறது. இல்லையென்றால் கார்டின் பின்னால் இருக்கும் எண்ணைக் கூப்பிடுங்கள். 159 அடித்தாலும் பெரும்பாலான பேங்குகளுக்கு இணைப்பு கிடைக்கும். கூகுளில் தேடி முதலில் வரும் எண்ணைக் கூப்பிடாதீர்கள், மோசடிக்காரர்கள் அங்கேதான் வலை விரிக்கிறார்கள்.

சுற்றி வளைக்காமல், "டைரக்ட் டெபிட் கேரன்டியில் இன்டெம்னிட்டி கிளெய்ம் செய்ய வேண்டும்" என்று சொல்லுங்கள். தவறாகப் போன பணத்தைத் திருப்பிக் கேட்பதற்கு பேங்கில் வைத்திருக்கும் பெயர் அது. நான் முதலில் ஜிம் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். எதிர்ப்பக்கம் ஒரே குழப்பம். இந்தச் சொற்களைச் சொன்னதும் அந்தப் பெண் உடனே படிவத்தைத் திறந்துவிட்டார்.

"முதலில் கம்பெனியிடம் கேளுங்கள்" என்று சில ஊழியர்கள் சொல்வார்கள். கேரன்டியில் அப்படி ஒரு நிபந்தனை இல்லை. மரியாதையாக, ஆனால் விடாமல், அதைச் சொல்லுங்கள்.

படி 5: கையோடு ரத்தும் செய்யுங்கள்

ரீஃபண்ட் வேறு, ரத்து வேறு. ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதமும் போகும். பணம் போகவிருக்கும் நாளுக்குக் குறைந்தது ஒரு வேலை நாள் முன்பாவது செய்துவிடுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுக்க மறக்காதீர்கள். சில ஆப்களில் ரத்து செய்ததும் அந்த வரியே மறைந்துவிடும். கம்பெனிக்கும் இரண்டு வரி எழுதிப் போடுங்கள்.

ரத்து செய்வதால் ஒப்பந்தம் முடிந்துவிடாது. கவுன்சிலுக்குக் கட்டும் வீட்டு வரியான கவுன்சில் டாக்ஸின் டைரக்ட் டெபிட்டை ரத்து செய்துவிட்டு நிம்மதியாக இருந்தால், நினைவூட்டல் கடிதம் வரும், அப்புறம் கோர்ட் சம்மன் வரும்.

பணம் வந்த பிறகு என்ன நடக்கிறது?

பேங்க் தன் கையிலிருந்து உங்களுக்குக் கொடுத்துவிட்டு, கம்பெனியிடம் அதை வசூலிக்கிறது. அதற்கு 14 வேலை நாள் ஆகும். அதற்குள் கம்பெனி ஆட்சேபிக்கலாம். உங்களுக்குச் சேர வேண்டாத பணம் என்று தெரிந்தால் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

என் நண்பன் ஒருவன் என் கதையைக் கேட்டு உற்சாகமாகி, போகாத ஜிம்முக்குக் கட்டிய ஒரு வருடப் பணத்தையும் கிளெய்ம் செய்தான். பணம் வந்தது, விருந்தும் வைத்தான். இரண்டு மாதம் கழித்துக் கடன் வசூல் நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. வட்டமாகச் சுற்றி, பணம் ஜிம்முக்கே போய்ச் சேர்ந்தது.

பேங்க் மறுத்தால்

அப்படியே விட்டுவிடாமல், "இதைப் புகாராகப் பதிவு செய்யுங்கள்" என்று சொல்லி எண் வாங்கிக்கொள்ளுங்கள். இது பணப் பரிமாற்றம் சம்பந்தப்பட்ட புகார் என்பதால், பொதுவாக 15 வேலை நாளில் இறுதிப் பதில் தர வேண்டும். விதிவிலக்காக 35 வரை போகலாம். பதில் சரியில்லையென்றாலோ, கெடுவுக்குள் வரவில்லையென்றாலோ, பேங்குகள் மீதான புகார்களை விசாரிக்கும் தனி அமைப்பான ஃபைனான்ஷியல் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. ஆனால் இறுதிப் பதில் வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். அதனால் பேங்கின் அந்தக் கடிதத்தைக் கோபத்தில் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். அதில் இருக்கும் தேதிதான் அங்கே கணக்கு.