செஃப் மாத்திரைகள்: அடிக்கடி நடக்கும் தவறுகள்

செஃபிக்சிம், செஃபலெக்சின், செஃப்யூராக்சிம், செஃப்போடாக்சிம். பாக்டீரியா தொற்றுக்கு வாய்வழி சாப்பிடத் தரும் செஃபலோஸ்போரின் மருந்துகளில் அடிக்கடி காதில் விழும் பெயர்கள் இவை. எல்லாம் 'செஃப்' என்று தொடங்குவதால் எல்லாம் ஒரே மருந்துதான் என்ற நினைப்பு பலருக்கு உண்டு. பாதித் தவறுகள் அங்கேதான் ஆரம்பிக்கின்றன.

போன தடவை சிறுநீர்த் தொற்றுக்கு வாங்கிய செஃபிக்சிமில் நாலு மாத்திரை மீதி இருக்கும். இப்போது காலில் சீழ் வைத்த புண். ஆன்டிபயாட்டிக்தானே என்று அதையே எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். சீழ்ப் புண்ணில் பெரும்பாலும் இருப்பது ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி. அதன்மேல் செஃபிக்சிமுக்கு அவ்வளவாக வலு இல்லை. அந்த இடத்தில் செஃபலெக்சின் வேலை செய்யலாம். ஆனால் அதே கிருமி எம்ஆர்எஸ்ஏ என்ற எதிர்ப்பு வகையாக இருந்துவிட்டால் செஃபலெக்சினும் வேலை செய்யாது. மீதி மாத்திரையை வைத்து ஊகிக்கிற விஷயம் இல்லை இது.

சளி, ஃப்ளூ காய்ச்சலுக்கு இதைக் கேட்டு வாங்குவதும் வீண். பாக்டீரியா தன் செல்சுவரைக் கட்ட முடியாமல் செய்துதான் இந்த மருந்துகள் அதைக் கொல்கின்றன. வைரஸுக்குச் செல்சுவரே கிடையாது.

அடுத்தது ஒவ்வாமை. பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்களில் பத்தில் ஒருவருக்குச் செஃபலோஸ்போரினும் ஒத்துக்கொள்ளாது என்று முன்பு சொல்லி வந்தார்கள். அது மிகைக் கணக்கு. உண்மையில் அபாயம் அதைவிட நன்றாகவே குறைவு. அதற்காக விஷயத்தை மறைக்கலாம் என்றில்லை. ஆம்பிசிலினும் அமாக்சிசிலினும் பென்சிலின் வகைதான். செஃபலெக்சினின் மூலக்கூறில் ஒரு பகுதி ஆம்பிசிலினை ஒத்தது; செஃபட்ராக்சில் என்ற இன்னொரு செஃப் மருந்தில் ஒரு பகுதி அமாக்சிசிலினை ஒத்தது. ஆகவே 'அலர்ஜி' என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், எந்த மருந்து, என்ன ஆனது, எவ்வளவு நேரத்தில் ஆனது என்று சொல்லுங்கள். வயிற்றைப் புரட்டியதா, உடம்பெல்லாம் தடித்து மூச்சு வாங்கியதா என்பதில்தான் மருத்துவரின் முடிவு இருக்கிறது. மாத்திரை போட்டபின் முகமோ உதடோ வீங்கினால், மூச்சுத் திணறினால், உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா? இதற்கும் பொதுவான பதில் இல்லை. செஃபலெக்சினும் செஃபிக்சிமும் எப்படியும் சாப்பிடலாம். செஃப்யூராக்சிம், செஃப்போடாக்சிம் மாத்திரைகளை உணவோடு எடுத்தால்தான் உடம்பு நன்றாக உறிஞ்சும். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மருந்துகள் இந்த இரண்டின் உறிஞ்சலையும் கெடுக்கும். அவை ஏதாவது சாப்பிடுகிறீர்கள் என்றால் சொல்லிவிடுங்கள். செஃப்டினிர் என்ற மற்றொரு செஃப் மருந்துக்கும் இரும்புச்சத்து மாத்திரைக்கும் இடையே 2 மணி நேரமாவது விட வேண்டும். இரண்டும் சேர்ந்தால் மலம் சிவப்பாகப் போகலாம். ரத்தம் என்று நினைத்துப் பதறுகிறவர்கள் உண்டு.

குழந்தைகளுக்கான சிரப்பில்தான் நான் அதிகம் பயப்படுவேன். பாட்டிலில் பொடியாக வருவதில் தண்ணீர் கலக்க வேண்டும். முதலில் பாட்டிலைத் தட்டிப் பொடியை உதிர்த்துவிட்டு, காய்ச்சி நன்றாக ஆறவைத்த தண்ணீரை லேபிளில் சொன்ன அளவுக்கு, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் குலுக்குங்கள். நுரை அடங்கிய பிறகு குறியைப் பாருங்கள். நுரையோடு பார்த்தால் தண்ணீர் குறைந்துபோகும், மருந்து கெட்டியாகிவிடும். ஒவ்வொரு வேளையும் குலுக்காமல் கொடுத்தால் மேலே தெளிவும் அடியில் மருந்துமாக நிற்கும். அளக்க, கூடவே வரும் மூடியோ ஊசியில்லா சிரிஞ்சோதான். வீட்டுக் கரண்டி வேண்டாம். ஒரே மருந்து 5 மில்லியில் 50 மில்லிகிராம், 100 மில்லிகிராம் என்று இரு அளவுகளில் வரும். பாட்டில் மாறியதைக் கவனிக்காமல் பழைய அளவையே ஊற்றினால் மருந்து இரட்டிப்பாகும் அல்லது பாதியாகும். கலந்த சிரப் பிராண்டைப் பொறுத்து 7 முதல் 14 நாள்தான் தாங்கும். சிலவற்றை ஃபிரிட்ஜில் வைத்தே ஆக வேண்டும். கலந்த தேதியைப் பாட்டில்மேலேயே எழுதிவிடுங்கள்.

நேரம் தவறுவது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் கிருமியை அடக்கும் அளவுக்கு மருந்து ரத்தத்தில் எத்தனை மணி நேரம் நிற்கிறது என்பதைப் பொறுத்துத்தான் இவை வேலை செய்கின்றன. இரண்டு வேளை என்றால் சுமார் 12 மணி நேர இடைவெளி. காலையில் ஒன்று, மதியத்தில் ஒன்று என்பது சரிவராது. மறந்துபோன மாத்திரையை நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், இரண்டாகச் சேர்த்துப் போடாதீர்கள்.

காய்ச்சல் விட்டதும் தானாக நிறுத்துவது எல்லோரும் செய்கிற தவறு. எத்தனை நாள் என்பது தொற்றுக்குத் தொற்று மாறும். நிறுத்தலாமா என்று கேட்பதில் தவறில்லை, கேட்காமல் நிறுத்துவதுதான் பிரச்சினை. மறுபக்கம், இரண்டு மூன்று நாளாகியும் துளியும் குறையவில்லை என்றால் கோர்ஸ் முடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தம் உறைவது இன்னும் தாமதமாகலாம், பரிசோதனை தேவைப்படும். இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

லேசான வயிற்றுப்போக்கு சாதாரணம். தண்ணீராகப் பலமுறை போவது, ரத்தம் கலந்து போவது, கூடவே காய்ச்சலும் வயிற்றுவலியும் வருவது அப்படியல்ல. குடலில் கிளாஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில் என்ற கிருமி பெருகியிருக்கலாம். அப்போது பேதியை நிறுத்தும் மாத்திரையை நீங்களாகப் போடாதீர்கள். கோர்ஸ் முடிந்து இரண்டு மாதம் கழித்துக்கூட இது வரலாம் என்பதால், மருத்துவரிடம் போகும்போது பழைய ஆன்டிபயாட்டிக்கின் பெயரையும் சொல்லுங்கள்.